குளிரில்லாத ஊரில் ஜெரேனியம்

கிராஞ்சிக்குக் குளிர்காலம் கிடையாது. ஜொகூர் நீரிணையை நோக்கியபடி சிங்கப்பூர்த் தீவின் வடபுறத்தில், பூமத்திய ரேகைக்கு வடக்கே 1 பாகை 25 கலையில் அமைந்த இந்தப் பிரதேசத்தில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறையப் பத்து நிமிஷந்தான். வெப்பம் மிகுந்த மே மாதத்தின் சராசரி உஷ்ணத்துக்கும், குளுமையானவை என்று நாம் சொல்லிக்கொள்கிற டிசம்பர், ஜனவரி மாதங்களின் சராசரிக்கும் இடையே இரண்டு பாகை செல்சியஸ்கூட வேறுபாடில்லை. தீவு முழுவதிலும் பதிவானவற்றுள் மிகக் குறைந்த உஷ்ணமே 19 பாகை. ஆகவே, ஐரோப்பியத் தோட்டக்கலை நூல் எதைப் புரட்டினாலும் தவறாமல் காணப்படும், தொட்டி ஜெரேனியத்தைக் குளிர்காலம் கடத்தும் முறை பற்றிய அத்தியாயம், இந்த ஊர்க்காரருக்கு ஒரு பிரயோஜனமும் அற்றது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்த அத்தியாயத்தை நிதானமாக வாசித்து, அதில் சொல்லப்படும் உபாயங்கள் எதனால் பலிக்கின்றன என்று காரணம் தேடிப் போகிறவருக்கு, குளிரைப் பற்றியதாகத் தோன்றும் விஷயம் உண்மையில் வறட்சியைப் பற்றியது என்பது புலப்படும்; புலப்பட்ட பிறகு, கிராஞ்சியில் இச்செடியை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர் எந்தப் பருவத்துக்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்பதும் தெளிவாகிவிடும்.

இவ்வூரில் ஐரோப்பியத் தோட்டத்தின் ஆசை பழையது. எம்ஆர்டி நிலையத்திலிருந்து அதிக தூரமில்லாத ஒரு மேட்டில் அமைந்த போர் வீரர் நினைவிடத்தில், இரண்டாம் உலகப் போரில் மடிந்த 4,400க்கும் மேற்பட்டோரின் கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன; 1957ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் திறக்கப்பட்ட நினைவுச் சுவர்களில் பொறிக்கப்பட்ட, கல்லறையும் வாய்க்காத 24,000க்கும் அதிகமான பெயர்களுள் பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்தவர்களின் பெயர்கள் ஏராளம். ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஒரு பூஞ்செடி இருக்க வேண்டும் என்பது அந்நினைவிடங்களைப் பராமரிக்கும் ஆணையத்தின் நீண்டகால மரபு. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ரோஜாவும் குளிர்நாட்டுப் பூண்டுகளும் செய்யும் அந்தக் காரியத்தை, இங்கே வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கும் உஷ்ணப் பிரதேசத்துச் செடிகளே செய்கின்றன. மனிதரின் விருப்பத்துக்காகச் செடி தன் சுபாவத்தை மாற்றிக்கொள்வதில்லை.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் கிராஞ்சியைச் சுற்றியுள்ள நாற்றங்கால்களுக்குப் போனால், காய்த்துக் குலுங்கும் சிறு ஆரஞ்சுச் செடிகளுக்கிடையே குளிர்நாட்டுப் பூந்தொட்டிகளும் மேடைகளில் ஏறியிருப்பதைக் காணலாம். அவற்றுள் ஜெரேனியத்தை அடையாளம் காண்பது எளிது. உள்ளங்கையளவு வட்டமான இலை, விளிம்பில் மெல்லிய சுருக்கம், இலையின் நடுவே குதிரை லாடத்தின் வடிவில் கரும்பழுப்பு வளையம். தொட்டால் மயிர்ச் செறிவு தெரியும், கசக்கினால் காரமான ஒரு மணம் விரலில் ஒட்டும். தண்டு அந்த அளவுச் செடிக்குப் பொருந்தாத பருமன். நகத்தால் அழுத்தினால் நீர் கசியும் சதைப்பற்று. நீண்ட காம்பின் நுனியில் இருபது முப்பது மொட்டுகள் தலைகுனிந்து தொங்கி, ஒவ்வொன்றாக நிமிர்ந்து மலர்ந்து, சிவப்புப் பந்தாகத் திரள்கின்றன. "இதுக்குத் தண்ணி கம்மியா ஊத்துங்க அண்ணே, மழை படாம வைங்க, காஞ்சு சாவுறதைவிட நனைஞ்சு சாவுறதுதான் அதிகம்" என்றார், அங்கே வேலை பார்க்கும் புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர். நான் படித்த நூல்களில் பல பக்கங்கள் சொல்வதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

வாங்கி வந்த இரண்டாம் நாளே இதழ்கள் பொலபொலவென்று உதிர்வதைக் கண்டு, செடி செத்துக்கொண்டிருக்கிறது என்று பலர் கலங்குவதுண்டு. அது வேறு விஷயம். வாழைக்காயைப் பழுக்க வைக்கும் எதிலீன் என்ற வாயுவுக்கு ஜெரேனியத்தின் இதழ் மிக எளிதில் பாதிக்கப்படும். காற்றில் அவ்வாயு அற்ப அளவு கலந்தாலே, இதழ் காம்போடு சேரும் இடத்திலுள்ள மெல்லிய உயிரணு அடுக்கு தளர்ந்து, சில மணி நேரத்துக்குள் பூ கலைந்துவிடுகிறது. மூடிய வண்டியில் இருளில் நெடுந்தூரம் பயணம் செய்த செடி, வாகனப் புகையிலும் எதிலீன் உண்டு என்பதால், ஜொகூர்க் கடற்பாலத்தருகே லாரிகள் ஊர்ந்து நகரும் நெரிசலையும் கடந்து வருமானால், அதன் இதழ்கள் நிலைப்பது அரிது. குலையைக் காம்போடு கிள்ளி எறிந்துவிட்டு அடுத்த மொட்டுக்காகக் காத்திருப்பதே சரி. பழத் தட்டின் அருகே தொட்டியை வைக்காதிருப்பதும் நல்லது.

இனி, செடியின் பிறப்பிடம். நாம் ஜெரேனியம் என்று வாங்குவது தாவர நூலார் கணக்கில் பெலர்கோனியம் என்ற தனிக் குலம். 1753இல் லின்னேயஸ் ஒரே தலைப்பில் அடக்கியவற்றை 1789இல் பிரெஞ்சு அறிஞர் லெரித்தியே பிரித்து வைத்தார். அசல் ஜெரேனியங்கள் குளிரைப் பொருட்படுத்தாத பூண்டுகள். நீலகிரியின் புல்வெளிகளில் அவற்றுள் ஒன்று இயற்கையாகவே முளைத்துக் கிடக்கிறது. பெலர்கோனியம் அப்படியன்று. சுமார் 280 இனங்களுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு உரியவை. 1772இல் கியூ தோட்டத்தின் சார்பில் கப்பலேறி நன்னம்பிக்கை முனைக்குச் சென்ற பிரான்சிஸ் மேசன் போன்றவர்கள் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவ்வாறு வந்தவற்றைக் கலப்புச் செய்து செய்து ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் உண்டாக்கியவையே இன்றைய தொட்டிச் செடிகள். வளைய இலை கொண்ட வகையின் முன்னோர், தென்னாப்பிரிக்காவின் தெற்கு, கிழக்குக் கரைகளை அடுத்த கற்சரிவுகளிலும் புதரோரங்களிலும் வளர்ந்தவை. அங்கே மழை மட்டானது. கேப் டவுனை எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஐந்நூறு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் பெய்கிறது. சிங்கப்பூரின் சராசரியோ 2,100 மில்லிமீட்டருக்கு மேல். கல்லிடுக்கில் விழுந்த நீர் அன்றே வடிந்துவிடும். பிறகு வாரக்கணக்கில் வறட்சி. தண்டில் நீரையும் மாவுச்சத்தையும் சேமித்து வைத்துக்கொண்டு, வறட்சி முற்றும்போது இலைகளை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கப் பழகிய செடி இது. அந்தத் தண்டின் பருமனுக்கு இதுவே காரணம்.

ஐரோப்பியரின் குளிர்கால உபாயம் இந்தப் பழக்கத்தின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. உறைபனி விழுவதற்குமுன் தொட்டிகளை வீட்டுக்குள் கொண்டுபோய், 5 முதல் 10 பாகை வரை உஷ்ணமுள்ள வெளிச்சமான அறையில் வைத்து, மண் முற்றிலும் உலர்ந்துவிடாத அளவுக்கு மட்டும் எப்போதாவது நீர் காட்டுவது ஒரு வழி. கோடையின் இறுதியில் நுனித்தண்டுகளைக் கிள்ளிப் பதியன் போட்டு, இளஞ்செடிகளை மட்டும் ஜன்னலோரத்தில் காப்பாற்றிக்கொண்டு தாய்ச்செடியைக் கைவிடுவது இன்னொன்று. மூன்றாவது வழிதான் பார்ப்பவரை வியக்கவைப்பது: செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, நிலவறையின் உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள்; நான்கைந்து மாதம் ஒரு சொட்டு ஜலமின்றி அது தொங்கும்; இலையெல்லாம் சருகாகும்; வசந்தம் வந்ததும் வெந்து சுருங்கியதுபோல் காணும் அந்தத் தண்டைச் சற்று நீரில் ஊறவைத்து நட்டால், பல செடிகள் கணுவில் பச்சை காட்டிவிடும்.

மண்ணும் நீரும் வெளிச்சமுமற்ற அந்த மாதங்களில் செடியை வாழவைத்தது எது? உயிருள்ள திசு எதுவானாலும் இடையறாது சுவாசிக்கிறது. சுவாசிப்பது என்றால் சேமித்த சர்க்கரையைச் சிறிது சிறிதாக எரிப்பது. உஷ்ணம் பத்துப் பாகை குறைந்தால் இந்த எரிப்பின் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது தாவர உடலியலில் நெடுங்காலமாக வழங்கும் தோராயக் கணக்கு. ஏழெட்டுப் பாகையில் இருக்கும் நிலவறையில் தண்டின் கையிருப்பு வசந்தம்வரை தாங்கும். அதே செடியை இருபது பாகை உஷ்ணமுள்ள சமையலறையில் தொங்கவிட்டால், இருளிலேயே வெளிறிய குருத்துகளை நீட்டி, கையிருப்பையெல்லாம் அவற்றில் கொட்டித் தீர்த்துவிட்டு மாண்டுபோகும். நீர் உறையும் நிலைக்குக் கீழே போனாலோ உயிரணுக்களுக்குள் பனிப்படிகம் உண்டாகித் தண்டு குழைந்துவிடும். ஆக, குளிர் இச்செடிக்கு உணவுமன்று, மருந்துமன்று. செலவைக் குறைக்கும் சாதனம் மட்டுமே. தாங்கும் சக்தி முழுவதும் வறட்சியிடம் கற்றது.

தமிழர் ஜெரேனியத்தைக் குளிர்காலம் கடத்தும் இடம் ஒன்று உண்டென்றால் அது உதகை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், 1848இல் தொடங்கப்பட்ட அரசு தாவரவியல் பூங்காவில், மே மாத மலர்க் கண்காட்சிக்காக ஆயிரமாயிரம் தொட்டிகளில் தயாராகும் பூக்களுள் ஜெரேனியத்துக்கு நிரந்தர இடம் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே உறைபனிக் காலம். மேகமற்ற, காற்றற்ற இரவில் தரை தன் உஷ்ணத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக ஆகாயத்துக்கு வீசிவிட்டு, மேலேயுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து போகிறது. அதனால்தான் ஆளுயரத்தில் உஷ்ணமானி இரண்டு மூன்று பாகை காட்டும் விடியலிலும் புல்லின் நுனியில் வெண்பனி உறைந்து கிடக்கிறது. பூங்கா ஊழியர்கள் மாலை வேளைகளில் நாற்றுகளின்மேல் கோத்தகிரி மிலார் என்று சொல்லப்படும் செடிக்கொத்துகளைக் கவித்தும், பாலிதீன் விரிப்பு போர்த்தியும், விடிந்ததும் நீர் தெளித்துப் பனியைக் கரைத்தும் காப்பாற்றுவதைச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் காணலாம். கவித்த கொத்து செடிக்குச் சூடு தருவதில்லை. செடிக்கும் திறந்த ஆகாயத்துக்கும் இடையே குறுக்கே நின்று, மேலேறிப் போகும் கதிரைத் தடுத்துத் திருப்புகிறது, அவ்வளவே. அதிலேயே கிடைக்கும் ஓரிரு பாகைதான் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம்.

உதகையில் இத்தனை பாடுபட்டும் இச்செடி செழிக்கிறது. கிராஞ்சியில் உறைபனி என்ற பயமே இல்லாதிருந்தும் ஏன் தேய்கிறது? பகல் வெயிலைக் குற்றம் சொல்லுவது வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. 31, 32 பாகைப் பகலை ஜெரேனியம் தென் ஐரோப்பாவின் மாடங்களில் கோடைதோறும் தாங்குகிறது. குற்றவாளி இரவு. குடும்பத்தின் வரவு செலவைப்போல் இதைப் பார்க்கலாம்: பகலில் இலை சம்பாதிக்கிறது; இரவு முழுவதும் செடி செலவழிக்கிறது. லண்டனின் ஜூன் மாத இரவு எட்டு மணி நேரந்தான். உஷ்ணத்தை 15 பாகை என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். கிராஞ்சியின் இரவு பன்னிரண்டு மணி நேரம். உஷ்ணம் 25 பாகை. நேரம் ஒன்றரை மடங்கு, எரிப்பின் வேகம் இரு மடங்கு. ஆகச் செலவு மும்மடங்கு. பகலில் வரவோ மேகத்தின் தயவில் இருக்கிறது. மீதமாவது குறையக் குறையப் பூங்குலை சிறுத்து, காம்பு மெலிந்து, கணுக்களின் இடைவெளி நீண்டு, இளந்துளிர் பச்சை பிடிக்காமல் வெளிறுகிறது. கிராஞ்சியில் முதுமையடைந்த ஜெரேனியத்தின் தோற்றம் இதுவே.

இந்தக் கணக்கு சரியா என்பதற்கு வேறோர் ஊரே சாட்சி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே 1 பாகை 17 கலையில் நைரோபி நகரம் இருக்கிறது. ரேகைக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் கிராஞ்சி. பகலும் இரவும் இரு ஊர்களுக்கும் ஒரே அளவு. குளிர்காலம் இரண்டிலும் இல்லை. ஆனால் நைரோபி கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல் நிற்பதால் அங்கே இரவின் உஷ்ணம் 12, 13 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அதன் பயனாக, ஐரோப்பாவும் அமெரிக்காவும் வசந்தத்தில் விற்கும் ஜெரேனியங்களுக்கான தாய்ச்செடிகள் இன்று கென்யா, எத்தியோப்பியா, குவாத்தமாலா ஆகிய நாடுகளின் மேட்டுநிலங்களில் ஆண்டு முழுவதும் வளர்க்கப்படுகின்றன. அங்கே கிள்ளிய நுனித்தண்டுகள் விமானமேறிப் போய்க் குளிர்நாட்டுக் கண்ணாடி வீடுகளில் வேர்விடுகின்றன. நிலவறையில் செடியைத் தொங்கவிட்ட பழைய கிழவனின் வேலையைப் பூமத்திய ரேகையின் மலைகள் எடுத்துக்கொண்டுவிட்டன என்று சொல்லலாம். அந்த ஏற்பாட்டிலும் அபாயம் இல்லாமலில்லை: 2003இல் கென்யாவிலிருந்து போன நுனித்தண்டுகளோடு வாடல் நோய்ப் பாக்டீரியா ஒன்று அமெரிக்காவுக்குள் நுழைந்து, கண்ணாடி வீடுகளில் ஏராளமான செடிகளை அழிக்க வேண்டியதாயிற்று. நமக்கு அருகில், நூறு மீட்டர் ஏறினால் அரைப் பாகைக்குச் சற்று மேல் உஷ்ணம் குறையும் என்ற அதே விதியின்படி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலையிலும் இச்செடி எளிதாக வாழ்கிறது.

இரவுக்கு அடுத்த பகை ஈரம். மழைக்காலத்தில் கிராஞ்சியின் விடியற்காலைக் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். அப்போது இலையிலிருந்து நீர் ஆவியாக இடமில்லை. மண் வெதுவெதுப்பாகவும் நனைந்தும் இருப்பதால் வேரோ நீரை ஏற்றிக்கொண்டேயிருக்கும். ஏறிய நீருக்குப் போக்கிடம் இல்லாமல் இலையின் அடிப்புறத்து உயிரணுக்கள் உப்பி வெடிக்கின்றன. கொடி வகை ஜெரேனியத்தின் இலையைத் திருப்பிப் பார்த்தால், கடுகளவு கொப்புளங்கள் முதலில் நீர் கோத்தும், சில நாளில் தக்கை நிறத்தில் காய்ந்தும் காணப்படும். பூச்சி கடித்தது என்று நினைத்து மருந்தடிப்பவர் பலர். அது நோயே அன்று, நீரின் கணக்குப் பிசகியதன் தழும்பு. உண்மையான நோய்களும் அதே ஈரத்தில்தான் காத்திருக்கின்றன. தேங்கிய நீரில் நீந்தி வந்து வேரைப் பற்றும் பித்தியம் என்ற நுண்ணுயிரால் தண்டின் அடிப்பாகம் மைபோல் கறுத்து மேலேறுவதும், தக்காளியையும் கத்தரியையும் இஞ்சியையும் வீழ்த்தும் வாடல் பாக்டீரியா இதையும் ஒரு வாரத்தில் சாய்ப்பதும் தாழ்நிலத்தில் சாதாரணம். இவற்றுக்கு மருந்து தேடுவதைவிட ஈரத்தைத் தவிர்ப்பது சுலபம்.

அரசாங்கமே ஜெரேனியத்தின் நாட்டை இங்கு உண்டாக்கிக் காட்டியிருக்கிறது. 2012 ஜூனில் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டத்தின் மலர்க் குவிமாடம், 1.2 ஹெக்டேர் பரப்பில், தூண்கள் இன்றி எழும்பிய கண்ணாடிக் கூடம். மத்தியதரைக் கடலோரம், தென்னாப்பிரிக்கா முதலிய குளிர்ந்து உலர்ந்த பிரதேசங்களின் தாவரங்களுக்காக அதன் உட்புறம் 23 முதல் 25 பாகையில் வைக்கப்படுகிறது. அங்கே பொறியாளர்கள் முதலில் செய்யும் காரியம் காற்றைக் குளிர்விப்பதன்று. ஈரத்தை உறிஞ்சும் ஒரு திரவத்தின் வழியே செலுத்தி அதை உலர்த்துவது. உலர்ந்த காற்றைக் குளிர்விக்கக் குறைந்த சக்தி போதும் என்பதும், அந்தத் திரவத்தை மறுபடி உலரச் செய்யும் வெப்பத்தைத் தீவின் மரங்களில் வெட்டிய கிளைகளை எரித்தே பெறுகிறார்கள் என்பதும் சுவையான செய்திகள். வீட்டில் இது சாத்தியமில்லை. ஆயினும், வரிசை எது என்பதைக் கற்றுக்கொள்ளலாம்: உலர்த்துவது முதலில், குளிர்விப்பது பிறகு.

அப்படியானால் கிராஞ்சிவாசி கடத்த வேண்டியது மழைக்காலம். அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை, வடகிழக்குப் பருவக்காற்றின் ஈர முகம் ஓயும்வரை, ஐரோப்பியர் நிலவறைக்குத் தரும் கவனத்தை இவர் கூரைக்குத் தர வேண்டும். வானம் திறந்த இடத்தில் ஒரு நாளும் தொட்டியை விடக்கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் நடைக்கூடம் இதற்கு வாய்த்ததுபோல் வேறெதுவும் இல்லை: மேலே தளம், இருபுறமும் காற்று, கிழக்கு நோக்கியதானால் பத்து மணிவரை வெயில். தோட்டமுள்ளவர் ஒளி ஊடுருவும் தகட்டைப் பந்தலாகப் போட்டுப் பக்கங்களைத் திறந்துவிடலாம். ஏப்ரலுக்குப் பிறகு விடியுமுன் மேற்கிலிருந்து சீறிவரும் 'சுமத்ரா' புயல்மழைக்கு அந்தப் பந்தலின் மேற்குப் பக்கத்தை மட்டும் மறைக்க வேண்டியிருக்கும்.

தொட்டி மண்ணாலானதாக இருப்பது உத்தமம். சுட்ட மண்ணின் துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது வேர்ப்பகுதியின் உஷ்ணமும் சற்றுத் தணிகிறது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி இதற்கு நேர்மாறு. இத்தீவில் தொட்டி செய்யும் கலையும் புதிதன்று: 1940இல் ஜாலான் பஹார் பக்கம் கட்டப்பட்ட, மலைச்சரிவில் நீண்டு கிடக்கும் சூளையில் ஒரு காலத்தில் ரப்பர்ப்பால் கிண்ணங்களும் பூந்தொட்டிகளும் வெந்தன. உள்ளே நிரப்பும் கலவைக்கு, தேங்காய் நார்த்தூளை மட்டும் நம்பினால் அது நீரைப் பிடித்துக்கொண்டு விடாது. மலாயாத் தோட்டக்காரர்கள் கையாண்டுவந்த பழைய பொருளொன்று இதற்கு மிகப் பொருத்தம்: களிமண் கட்டிகளை விறகோடு அடுக்கி மெல்லப் புகையவிட்டுச் சுட்ட மண். சுட்ட மண் மறுபடி குழையாது. குருணையாக நின்று காற்றுக்கு வழிவிடும். நோய்க்கிருமியும் களைவிதையும் அதில் மாண்டிருக்கும். கலந்திருக்கும் சாம்பல் புளிப்பை மாற்றும். கடைசியாகச் சொன்னது அற்பமன்று. மண் புளித்துவிட்டால் ஜெரேனியம் இரும்பையும் மாங்கனீசையும் அளவுக்குமீறி உண்டு, இலை விளிம்பு கருகிவிடும் சுபாவமுள்ளது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1949வரை இருந்த ஹோல்ட்டம், மலாயாவின் தாழ்நிலத் தோட்டக்கலைக்கென்றே 1953இல் ஒரு நூல் எழுதியதற்குக் காரணம், இங்கிலாந்தின் நூல்கள் இத்தகைய கேள்விகளுக்குப் பதில் சொல்லாததுதான்.

ஜனவரி பிற்பகுதியில் மழை ஓய்ந்து, வறண்ட காற்று வீசத் தொடங்கி, பிப்ரவரி முழுவதும் அது நீடிக்கும்போது, இச்செடிக்கு இந்த ஊரில் கிடைக்கும் நல்லகாலம் ஆரம்பமாகிறது. பதியன் போட வேண்டியதும் அப்போதுதான். பூவில்லாத நுனியை விரல் நீளத்துக்குக் கணுவின்கீழ் வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, உடனே நடாமல் நிழலில் அரை நாள் கிடத்த வேண்டும். வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டிய பிறகு மணல் கலந்த கலவையில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். மற்றச் செடிகளுக்குச் செய்வதுபோல் பிளாஸ்டிக் பையால் மூடினால் அழுகும். மேல்மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, ஓரங்குலம் உலர்ந்திருந்தாலன்றி நீர் ஊற்றுவதில்லை என்று வைத்துக்கொள்வது போதும். தாய்ச்செடியை இரண்டாம் வருஷம்வரை பிடித்துவைத்திருக்க முயல்வது எனக்கு உசிதமாகப் படவில்லை. பதியன் பிடித்ததும் அதை எருக்குழிக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

தொட்டியின் அடியில் தட்டு வைக்காமலிருப்பதற்கு இன்னொரு காரணமும் இங்கே உண்டு. தட்டில் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரத்துக்குள் முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறந்துவிடும் என்பதால், டெங்கிக் காய்ச்சலுக்கு எதிராகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் ஓயாமல் சொல்லிவரும் புத்திமதிகளுள் பூந்தொட்டித் தட்டைக் காலிசெய்வதும், இறுகிப்போன மேல்மண்ணைக் கிளறிவிடுவதும் அடக்கம். ஜெரேனியம் கேட்பதும் அவ்விரண்டையுமே. கொசுவைப் பற்றிப் பேச்சு வந்ததால், எலுமிச்சை மணம் வீசும் ஒரு பெலர்கோனியம் கொசுவிரட்டிச் செடி என்ற பெயரில் விற்கப்படுவதையும் சொல்லவேண்டும். கனடாவில் ஏடிஸ் கொசுக்களிடையே நடத்தி 1996இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், அச்செடியின் அருகே உட்கார்ந்திருந்தவர்களையும் செடியில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களையும் கொசுக்கள் பாரபட்சமின்றிக் கடித்தன. செடியின்மீதே அவை அமர்ந்து இளைப்பாறியதும் காணப்பட்டது. இலையின் நுண்மயிர்களுக்குள் வாசனை எண்ணெய் இருப்பது உண்மைதான். கசக்காதவரை அது வெளிவருவது சொற்பம். ரோஜாவின் மணத்துக்கு முக்கியக் காரணமான ஜெரானியால், சிட்ரோனெல்லால் என்ற சேர்மங்களையே தரும் இன்னொரு பெலர்கோனியத்தை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பயிரிட்டு, நீராவியில் வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். சேர்வராயன் மலையில் ஏற்காட்டுக்கு அதை முதலில் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பார்கள். அந்த எண்ணெய்க்கு மதிப்பு உண்டு. தொட்டியில் நிற்கும் செடிக்குக் கொசு அஞ்சுவதில்லை.

வாங்கும்போதே வகை பார்த்து வாங்குவது நலம். வளைய இலை வகை பூப்பதற்குக் குளிரை எதிர்பார்ப்பதில்லை. போதுமான வெளிச்சம் சேர்ந்தால் மொட்டு வைத்துவிடும். ராஜ பெலர்கோனியம் என்று சொல்லும் வகையோ, இதழில் வெல்வெட்டுக் கறை படிந்த மிக அழகான பூவைத் தருவதாயினும், சில வாரங்கள் இரவும் பகலும் 15 பாகைக்குக் கீழே இருந்தாலன்றி மொட்டே கட்டாது. நாற்றங்காலில் பூவோடு நிற்பது மலையில் கட்டிய மொட்டு; அது உதிர்ந்த பிறகு கிராஞ்சியில் அடுத்தது வராது. அறியாமல் வாங்கிவிட்டவர், கேமரன் மலையில் உறவினர் இருந்தால், எல்லை கடப்பதற்கு வேண்டிய அனுமதிப் பத்திரங்களோடு அதை அங்கே அனுப்பலாம். அவ்வளவு சிரமம் வேண்டாமென்றால் இலைக்காகவே வைத்துக்கொள்ளலாம். இலையும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.